திரைப்படக் களமும் கத்திக் கொல்லனும்

ஒரு திரைப்படத்தில் மனம் ஈடுபட்டவர், அது படமாக்கப்பட்ட இடத்தை நேரில் காண விரும்புவது இயல்பு. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், சித்தூரை அடுத்துள்ள நல்லேப்பிள்ளி வட்டாரத்து மக்களுக்கு இவ்விருப்பம் புதிதன்று. எல்லையைக் கடந்தால் பொள்ளாச்சி. அங்குள்ள தோப்புகளும் வாய்க்கால் கரைகளும் பழைய வீடுகளும் பல ஆண்டுகளாகத் திரையில் தோன்றி வந்திருக்கின்றன.

முதன்முறை செல்பவர் திரையில் கண்டதைத் தேடுகிறார். இந்த மரம்தானா, இந்தப் படித்துறைதானா என்று ஒப்பிட்டு மகிழ்கிறார். இரண்டாம் முறை செல்பவரின் கண்ணுக்கோ திரை காட்டாதவையும் தென்படத் தொடங்குகின்றன. அவ்வாறு செல்பவர் கத்தி வடிவமைக்கும் தொழிலை அறிந்தவராகவும், அவர் விரும்பிய படம் ஒரு கத்தியால் புகழ்பெற்றதாகவும் இருந்தால், அந்தப் பயணம் ஒரு சரித்திரப் பாடமாகவே அமைந்துவிடும். அத்தகைய படம் ஒன்றையும் அதன் களத்தையும் முதலில் பார்த்துவிட்டு, அங்கே கற்றதைக் கொண்டு நம் கணவாய்ப் பகுதியை நோக்குவோம்.

1982-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ என்னும் அமெரிக்கப் படத்தை நேயர்களிற் பலர் அறிவர். டேவிட் மொரெல் 1972-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, டெட் கோட்செஃப் இயக்கிய படம் அது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட ராம்போ என்னும் போர்வீரன் ஒரு சிற்றூருக்கு வருகிறான். ஊர்க்காவல் அதிகாரி அவனை நாடோடி என்று எண்ணி ஊரைவிட்டு வெளியேற்றுகிறார். அவன் திரும்பி வருகிறான், சிறைப்படுகிறான், தப்பிக் காட்டுக்குள் புகுகிறான். அங்கே அவனுக்குத் துணையாக இருப்பது ஒரு கத்தி. சில்வெஸ்டர் ஸ்டலோன் அவ்வேடத்தில் நடித்தார்.

அக்கத்தியை வடிவமைத்துச் செய்தவர் ஆர்க்கன்ஸா மாநிலத்தின் ரசல்வில் நகரைச் சேர்ந்த ஜிம்மி லைல். அலகு ஏறத்தாழ 9 அங்குல நீளம். அதன் முதுகில் ரம்பப் பற்கள். குறுக்குக் காப்பின் இரு முனைகளும் திருகாணி முடுக்க உதவுமாறு அமைந்தவை. பிடி உள்ளே கூடாக இருக்கும். அதற்குள் தீக்குச்சி, ஊசி, நூல் போன்றவற்றை வைத்துக்கொள்ளலாம். பிடியின் மூடியில் திசைகாட்டி. பிடியைச் சுற்றிலும் உறுதியான கயிறு. காட்டில் தனித்து விடப்பட்டவனுக்கு வேண்டிய யாவும் ஒரு கையளவுப் பொருளில் அடங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். காயமுற்ற தன் கையை ராம்போ தானே தைத்துக்கொள்ளும் காட்சியில், ஊசியும் நூலும் அக்கத்தியின் பிடிக்குள்ளிருந்தே வருகின்றன.

படம் வெற்றி பெற்றதும், அதைப் போன்ற கத்திகள் உலகச் சந்தைகளில் மலிவாகக் குவிந்தன. அவற்றிற் பல விரைவில் முறிந்தன. காரணம் எளியது. நல்ல கத்தியில் அலகின் வால் பிடிக்குள் நெடுக ஊடுருவி நிற்கும். கூடான பிடியிலோ வால் குறுகி நிற்க வேண்டியிருக்கிறது. வெட்டின் அதிர்ச்சி முழுவதும் அலகும் பிடியும் சேரும் இடத்தில் விழுகிறது. அந்த இணைப்பைச் செம்மையாகச் செய்வதற்குத் தேர்ந்த கை வேண்டும். லைலின் திறமை அங்கேதான் இருந்தது. போலி செய்தவர்கள் ரம்பப் பற்களையும் திசைகாட்டியையும் பார்த்துச் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்பை அவர்களால் பார்த்துச் செய்ய முடியவில்லை.

இனி அப்படத்தின் களத்துக்கு வருவோம். கதையில் அவ்வூர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் படம்பிடிக்கப்பட்ட இடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள ஹோப் என்னும் சிற்றூர். வான்கூவர் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், ஃபிரேசர் ஆறும் கோக்விஹாலா ஆறும் கூடுமிடத்தில் அது அமைந்துள்ளது. ஊரின் பெயருக்கு நம்பிக்கை என்பது பொருள். ராம்போ செங்குத்தான பாறையிலிருந்து தொங்கும் காட்சி கோக்விஹாலாப் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்டது.

அப்பள்ளத்தாக்கைப் படக்காட்சிக்காக மட்டுமே காணச் செல்பவர் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். சற்றே நின்று நோக்குபவருக்கு அங்கே வரிசையாகச் சில சுரங்க வழிகள் தோன்றும். அவை கெட்டில் பள்ளத்தாக்கு ரயில்பாதைக்காகக் குடையப்பட்டவை. அதன் தலைமைப் பொறியாளரான ஆண்ட்ரூ மக்குலக் ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பேரார்வம் கொண்டவர். அப்பாதையின் நிலையங்களுக்கு ஒத்தெல்லோ, லியர், ஜெசிக்கா, போர்ஷியா என்றெல்லாம் நாடக மாந்தரின் பெயர்களைச் சூட்டினார். செங்குத்துப் பாறையில் மனிதர்களைக் கூடைகளில் கட்டி இறக்கி அளவெடுத்தார்கள் என்பர். 1916-இல் ரயில் ஓடத் தொடங்கியது. மண்சரிவும் பனிச்சரிவும் ஓயாது தொல்லை தரவே, 1959-இல் போக்குவரத்து நின்றது. ரயில் போன பின்பு, சுரங்கங்கள் நடந்து செல்வோருக்குரிய வழிகளாயின. 2021 நவம்பரில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் அவை சேதமுற்று நெடுங்காலம் மூடப்பட்டிருந்தன. பொறியாளரின் பெயரும் நாடக மாந்தரின் பெயர்களும் நிலைத்துவிட்டன. பாறையைக் குடைந்த தொழிலாளரின் பெயர்களைச் சொல்வார் இல்லை.

ஹோப் ஊரின் சரித்திரம் அதற்கும் முற்பட்டது. ஆற்றங்கரையில் தொன்றுதொட்டு வாழ்ந்த ஸ்டோலோ மக்களின் நாட்டில், 1848-ஆம் ஆண்டையொட்டி ஹட்சன் விரிகுடாக் கம்பெனி தன் வாணிகக் கோட்டையை அமைத்தது. 1858-இல் பொன் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்துக் கனடியர்கள் வீடு வாசல் இழந்து உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஹோப் ஊரிலிருந்து ஏறத்தாழ 14 மைல் தொலைவில் இருந்த டாஷ்மி என்னும் முகாமில் மட்டும் 2,600-க்கும் மேற்பட்டோர் வைக்கப்பட்டனர். ஊரிலிருந்து துரத்தப்படும் மனிதனின் கதையைப் படமாக்கிய இடத்துக்கு அருகிலேயே இப்படியோர் உண்மை நிகழ்ந்திருக்கிறது. திரையில் அதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

படத்தின் தொடக்கத்தில் காவல் அதிகாரி ராம்போவைக் கொண்டுபோய் இறக்கிவிடும் பாலம் 2011-இல் இடித்து அகற்றப்பட்டது. 2020-இல் அவ்வூரார் ராம்போவுக்கு ஒரு மரச்சிலை நிறுத்தினர். இயந்திர ரம்பத்தால் மரம் செதுக்கும் கலைக்கு அவ்வூர் பேர்பெற்றது. ஆதலால் கத்தியால் புகழ்பெற்ற கதைமாந்தனுக்கு, மரமறுக்கும் கருவி கொண்டே உருவம் அமைந்தது பொருத்தமே.

இவற்றையெல்லாம் கண்டு திரும்பும் கத்தி வடிவமைப்பாளர் எதைக் கற்றிருப்பார்? ஒரு கத்தியின் உறுதி வெளித்தோற்றத்தில் இல்லை. அலகும் பிடியும் சேருமிடத்தில் இருக்கிறது. ஒரு களத்தின் சரித்திரமும் அவ்வாறே, காட்சியில் தெரியாத இணைப்புகளில் இருக்கிறது. கத்தியைச் செய்தவனையும் பாறையைக் குடைந்தவனையும் அறியாதவரை, நாம் அறிந்தது பாதியே.

இந்தக் கண்ணோட்டத்துடன் நம் கணவாய்க்குத் திரும்புவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டையும் சேரர் கடற்கரையையும் இணைத்த இவ்வழியே பண்டை வாணிபம் நடந்தது. கணவாய்க்குக் கிழக்கே, நொய்யல் ஆற்றங்கரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமணல் என்னும் ஊரின் அகழ்வாய்வுகளில், மணிக்கற்கள் பட்டை தீட்டிய தடயங்களோடு இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்ததற்கான சான்றுகளும் கிடைத்துள்ளன. பதிற்றுப்பத்தில் குறிக்கப்படும் கொடுமணம் என்பது இவ்வூரே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

மூசையில் இரும்பையும் கரியையும் இட்டு மூடி, நெடுநேரம் காய்ச்சி எஃகு செய்யும் முறை தென்னாட்டுக் கொல்லருக்குக் கைவந்த கலை. 1790-களில் இவ்வெஃகின் மாதிரிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குச் சென்றன. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். லண்டனில் கத்தியும் அறுவைக் கருவிகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இதனால் கவரப்பட்டு, மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820-இல் முடிவுகளை வெளியிட்டார். பிற்காலத்தில் மின்சார இயலில் பெரும்புகழ் பெற்ற அதே ஃபாரடேதான். ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரின் பெயர் விஞ்ஞான சரித்திரத்தில் இடம்பெற்றது. அவர் கைக்கு வந்த எஃகைத் துருத்தி ஊதிக் காய்ச்சியவரின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை.

மலையாள நாட்டின் வடக்கன் பாட்டுகளில் கொல்லன் ஒருவன் வருகிறான். புத்தூரம் வீட்டு ஆரோமல் சேகவர் அங்கம் வெட்டப் புறப்படும் முன், தம் சுரிகையைச் செப்பனிட்டு வருமாறு சந்துவிடம் ஒப்படைக்கிறார். சந்து கொல்லனுக்குப் பணம் கொடுத்து, இரும்பாணி இருக்க வேண்டிய இடத்தில் மூங்கில் ஆணியை வைக்கச் செய்கிறான். போரின் நடுவே சுரிகை முறிகிறது. இங்கும் வஞ்சகம் குடிபுகுந்தது கண்ணுக்குத் தெரியாத ஆணியில்தான் என்பதைக் கருத வேண்டும். வீரர் பெயர் தெரியும். வஞ்சித்தவன் பெயரும் தெரியும். கொல்லனோ கொல்லன் என்ற சாதிப்பெயரோடு நிற்கிறான். செய்த பிழை மட்டுமே நினைவில் நிற்கிறது.

எம். டி. வாசுதேவன் நாயர் கதை வசனம் எழுத, ஹரிஹரன் இயக்கி, 1989-இல் வெளிவந்த ‘ஒரு வடக்கன் வீரகதா’ இக்கதையை மாற்றுக் கோணத்தில் சொல்லியது. சந்து வஞ்சகன் அல்லன் என்று அப்படம் வாதிட்டது. சந்துவாக நடித்த மம்மூட்டிக்கும் திரைக்கதை எழுதிய வாசுதேவன் நாயருக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. பல தலைமுறைகளாகப் பழி சுமந்த சந்துவுக்கு ஒரு வழக்குரைஞர் கிடைத்துவிட்டார். கொல்லர் குலத்துக்காக வாதாட இன்னும் ஒருவர் வரவில்லை.

சித்தூரில் ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் நிகழும் கொங்கன்படை விழாவும் இங்கே நினைவுக்கு வருகிறது. கொங்கு அரசனின் படையெடுப்பைப் பகவதியின் அருளால் வென்றதாகச் சொல்லப்படும் கதையை, அது நிகழ்ந்ததாகக் கருதும் மண்ணிலேயே மக்கள் மீண்டும் நடித்துக் காட்டுகிறார்கள். அன்று எதிர்த்து நின்றதாகச் சொல்லப்படும் இரு நாட்டாரின் மொழிகளும் இன்று நல்லேப்பிள்ளிக் கடைத்தெருவில் ஒரே வாயிலிருந்து வருகின்றன. விழாவில் வாள் ஏந்துபவரைக் காண்கிறோம்; அக்காலத்து வாள்களை வடித்த பட்டறைகள் எங்கே இருந்தன என்று கேட்கிறோமா?

பழங்காலத்தை விடுவோம், கண்முன் இருப்பதைப் பார்ப்போம். சித்தூர் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கப்படும் கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் செல்கிறது. அத்தொழிலாளியின் இடுப்பில் ஒரு கத்தி இருக்கும். மரத்தின் உச்சியில், ஒரு கையால் பாளையைப் பற்றி, மறு கையால் அதன் நுனியை மெல்லிய ஏடுபோலச் சீவ வேண்டும். சற்று அதிகம் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். மழுங்கிய வாயால் நசுக்கினால் சாறு ஊறாது. ஆகவே அலகு அகன்று மெலிந்து, கனமின்றி, வாய் மிகக் கூர்மையாக இருத்தல் வேண்டும். நாளுக்கு இருமுறை மரமேறும் மனிதன், அதன் பிடி நழுவாது என்ற நம்பிக்கையோடு ஏறுகிறான். ராம்போவின் கத்தி எல்லாவற்றையும் செய்ய நினைத்த கத்தி. பாளை சீவும் கத்தி ஒன்றை மட்டும் செய்வது. அந்த ஒன்றில் குறைவைக்காதது. வடிவமைப்பு என்னும் கலையில் எது உயர்ந்தது என்று கேட்டால், நாம் இரண்டாவதின் பக்கமே நிற்போம்.

அக்கத்திக்கு வரைபடம் இல்லை. அதன் வடிவத்துக்கு உரிமை கொண்டாடுபவரும் இல்லை. மரமேறுபவன் குறை சொல்ல, கொல்லன் மாற்றியமைக்க, மீண்டும் அவன் சொல்ல, இவன் மாற்ற, இப்படிப் பல தலைமுறைகளின் உரையாடலில் உருவான வடிவம் அது. அந்த உரையாடல் இன்று தேய்ந்து வருகிறது. ஆலையில் அச்சிட்டுச் செய்த கத்தி கடையில் கிடைக்கிறது. ஊர்ப் பட்டறையில் உலை மூட்ட அடுத்த தலைமுறை வருவதில்லை.

ஆகவே திரைப்படக் களங்களைக் காணச் செல்லும் இளைஞருக்கு நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். காணுங்கள், மகிழுங்கள், நிழற்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அத்துடன் அவ்வூரில் யார் குளம் வெட்டினார்கள், யார் வீடு கட்டினார்கள், யார் இரும்படித்தார்கள் என்று முதியோரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லைலின் பெயர் நமக்குத் தெரிவது அவரிடம் யாரோ கேட்டு எழுதி வைத்ததால்தான். நல்லேப்பிள்ளியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அத்தகைய பெயர்கள் முதியோர் நினைவில் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டால் கிடைக்கும்.