நடிகமணி வைரமுத்துவும் வசந்த கான சபாவும்

யாழ்ப்பாணத்து முதியோரிடம் ‘மயான காண்டம்’ என்று சொன்னால், அடுத்து அவர்கள் வாயில் வரும் பெயர் வைரமுத்து என்பதாகும். அரிச்சந்திரனாகவே மக்கள் மனத்தில் வாழ்ந்த அக்கலைஞரின் வரலாற்றை இளைஞர் அறிந்திருத்தல் நன்று.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்து நாடகக் குழுவினர் கடல்கடந்து வந்து, இங்கே கொட்டகைகளில் இசை நாடகங்களை ஆடினர். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த மரபில் அமைந்தவை அவை. கேட்டு மகிழ்ந்த நம்மவர் நாளடைவில் தாமே பாடவும் ஆடவும் பயின்றனர். இவ்வாறு விருந்தாக வந்த கலை இம்மண்ணின் சொத்தாயிற்று. அச்சொத்தைப் பல்லாண்டு காத்துப் பெருக்கியவர்களுள் வி. வி. வைரமுத்து தலையாயவர்.

அவர் 1924ஆம் ஆண்டு பிறந்தார். காங்கேசன்துறையைச் சேர்ந்தவர். அவர் நிறுவிய வசந்த கான சபா, கோயில் திருவிழாக்களிலும் ஊர் மேடைகளிலும் இரவிரவாக நாடகமாடியது. பெண் வேடங்களையும் ஆடவரே தாங்கினர். ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைநிற்க, கதையின் பெரும்பகுதி பாட்டாலேயே நடந்தது. ‘நடிகமணி’ என்ற பட்டம் அவர் பெயரோடு பிரியாது ஒட்டிக்கொண்டது.

சபாவின் நாடகங்களுள் மயான காண்டமே பெரும்புகழ் ஈட்டியது. அரவு தீண்டி இறந்த மகனைச் சந்திரமதி சுடலைக்குச் சுமந்து வருகின்றாள். காவல் நிற்பவனோ அவள் கணவன். ஆயினும் கால்பணமும் முழத்துண்டும் பெறாமல் பிணத்தை எரிக்க அவன் இசையான். தன் மகன் என்று தெரிந்த பின்னும் ஆண்டானுக்குரியதை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. கதையின் முடிவை அறியாதார் எவருமிலர். எனினும், வைரமுத்து அதனைப் பாடக் கேட்பதற்காகவே ஊர் ஊராகச் சனம் திரண்டது. சோகமும் உறுதியும் ஒரே குரலில் கலந்து வந்தமையே அதன் இரகசியம் எனலாம்.

1989ஆம் ஆண்டு அவர் காலமானார். மறு ஆண்டே போரினால் காங்கேசன்துறை மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த சுற்றமும் அயலும் திசைக்கொன்றாய்ச் சிதறின. ஏட்டிலுள்ள கவிதை எங்கே சென்றாலும் பிழைத்துக்கொள்ளும். குரலிலும் மெட்டிலும் வாழும் கலையோ, கேட்போர் கலைந்தால் தானும் மெலிந்துவிடும். அப்படியிருந்தும் இசை நாடகம் இங்கு முற்றாக அழியவில்லை. அவர் வழிவந்தோரும் ஏனைய அண்ணாவிமாரும் அதை மேடையில் நிலைநிறுத்தினர்.

இளைஞர்களே! அந்த விடிய விடிய ஆடிய கூத்தைக் கண்ட கண்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அம்முதியோர் அருகே சென்று அமருங்கள். மெட்டுகளைக் கேட்டுப் பதிந்து வையுங்கள். ஆண்டுக்கு ஒரு காட்சியையேனும் நீங்களே மேடையேற்றுங்கள். நடிகமணிக்கு நாம் எடுக்கும் விழா அதுவேயாகும்.