படித்துறையும் பதிவேடும்

வையையில் புதுப்புனல் வந்த காலத்து மதுரை மக்கள் ஆடிய நீராட்டைப் பரிபாடல் விரித்துரைப்பதைத் தமிழன்பர்கள் அறிவர். அக்களிப்புக்கு நடுவே ஒரு சிறு செய்தியும் அந்நூலில் வருகிறது. ஆடுவோர் பூசிய மணப்பொருள்களும் கள்ளும் தேனும் கலந்து ஆறு தன் இயல்பு திரிந்தது கண்டு, அந்தணர் அதில் மூழ்காதும் வாய் பூசாதும் விலகினர் என்பதே அச்செய்தி. அவர்களுக்கு எவருடைய அறிக்கையும் வேண்டியிருக்கவில்லை. கண்ணும் மூக்கும் கையுமே போதுமானவையாய் இருந்தன. ஆற்றில் இறங்குவோனே ஆற்றின் தூய்மைக்குத் தீர்ப்பாளனாகவும் விளங்கிய காலம் அது.

அந்நிலை 19ஆம் நூற்றாண்டில் மாறியது. கண்ணுக்குப் புலனாகாத கிருமியொன்று தெளிந்த நீரிலும் இருந்து உயிரைக் குடிக்கும் என்பது தெரியவந்தபின், தீர்ப்பு கூறும் உரிமை படித்துறையை விட்டு அரசாங்கத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் பெயர்ந்தது. இது தவிர்க்க இயலாத மாற்றம், தேவையான மாற்றமும்கூட. ஆனால், ஆய்வுக்கூடம் அறிந்ததைப் படித்துறைக்குத் திரும்ப வந்து எவரேனும் சொன்னார்களா? கங்கை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இவ்வினாவைச் சிறிது ஆராயலாம்.

ஹரித்துவாரிலிருந்து தொடங்குவதே முறை. 1783ஆம் ஆண்டு கும்பமேளாவின்போது அங்கே எட்டு நாட்களுக்குள் 20,000 பேர் வாந்திபேதியால் மாண்டனர் என்று பழைய ஆங்கிலக் குறிப்புகள் கூறும். 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, இந்தியத் திருவிழாக் கூட்டங்களே இந்நோயைப் பரப்பும் பெருவாயில் என்று விரல் சுட்டியது. அடுத்த ஆண்டே, 1867இல், ஹரித்துவாரில் கும்பமேளா கூடிக் கலைந்தது; வீடு திரும்பிய யாத்திரிகரோடு நோயும் வட இந்தியா முழுவதும் நடந்தது. அதன்பின் அரசாங்கத்தின் கண்காணிப்பு இறுகிற்று. எனினும் அந்தக் கண்காணிப்பு நீர்மேல் அன்று, நீராடுவோர்மேல் இருந்தது. 1892இல் மகாவாருணி விழாவுக்குத் திரண்ட கூட்டத்தை, நோய் கண்டவுடன், வடமேற்கு மாகாண அரசு கலைத்தே விட்டது. கூட்டத்தைக் கலைப்பது ஒரு நாள் வேலை. கழிவுநீருக்கு வழி செய்வதோ பல ஆண்டு வேலை. எளிதானதை முதலில் செய்வது அரசு அலுவலகங்களின் இயல்பு என்பதை அங்கே காலங்கழித்தவர்கள் ஒப்புவர்.

1884ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் அந்த ஒரே குளந்தான் அங்குள்ளோருக்குப் பயன்பட்டது. இஃது ஒருபுறமிருக்க, ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகராய் இருந்த ஹாங்கின் என்பார் 1896இல் வெளியிட்ட ஆய்வு வியப்பூட்டுவது. கங்கை நீரிலும் யமுனை நீரிலும் இட்ட வாந்திபேதிக் கிருமிகள் சில மணி நேரத்தில் மடிந்தன. அந்நீரைக் காய்ச்சியபின் அவ்வாற்றல் அதற்கு இல்லை. பிற்காலத்தில் கண்டறியப்பட்ட, கிருமிகளை உண்ணும் நுண்ணுயிரே இதற்குக் காரணமாகலாம் என்பது அறிஞர் கருத்து. இந்த ஆய்வைக் கங்கைக்கு எத்தீங்கும் நேராது என்பதற்குச் சான்றாக இன்றும் மேடைகளில் காட்டுவோர் உளர். ஹாங்கின் சோதித்த ஆற்றில் அன்று எவ்வளவு நீர் ஓடியது, எவ்வளவு சாக்கடை கலந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓடும் நீரின் அளவைப் பற்றிய வழக்கே, என் எண்ணத்தில், இவ்வரலாற்றின் மிக உயர்ந்த பகுதி. காட்லி என்னும் பொறியாளர் அமைத்த கங்கைக் கால்வாய் 1854 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பஞ்சத்தைத் தடுக்க எழுந்த பெரும்பணி அது. அதனைக் குறைகூற எவருக்கும் மனம் வாராது. ஆயினும் ஆற்று நீரைக் கால்வாய்க்குத் திருப்பினால் ஹர் கி பௌரிப் படித்துறையில் நீராடுவோருக்கு எஞ்சுவது என்ன என்ற கவலை, தொடக்கத்திலிருந்தே தீர்த்த புரோகிதர்களிடம் இருந்தது. 1914ஐ ஒட்டிப் பீம்கோடாவில் நிலையான அணை கட்டும் பணி தொடங்கியபோது அக்கவலை கிளர்ச்சியாக மாறிற்று. மதகின் வழியே திறந்துவிடப்படும் நீர் கங்கையாகுமா, அது கால்வாய் நீர்தானே என்பது யாத்திரிகர் எழுப்பிய கேள்வி. பொறியாளருக்கு இது வேடிக்கையாய்த் தோன்றியிருக்கலாம். மதன்மோகன் மாளவியா அதனை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. 1916 டிசம்பரில் ஹரித்துவாரில் கூடிய மாநாட்டில், மாகாணத் துணை ஆளுநர் மெஸ்டனும் அரசாங்கப் பொறியாளர்களும் ஒருபுறம், மாளவியாவும் சுதேச மன்னர்கள் சிலரும் பிற இந்துப் பிரதிநிதிகளும் மறுபுறம் அமர்ந்து பேசினர். அணையில் அடைபடாத திறப்பொன்று விடப்படும் என்றும், ஹர் கி பௌரிக்கு நொடிக்கு 1000 கன அடிக்குக் குறையாமல் நீர் வரும் என்றும் முடிவாயிற்று.

இந்த ஒப்பந்தத்தில் கிருமி பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் ஒரு சிறப்பு இதற்கு உண்டு. நீராடுவோர் சார்பில் பேசத்தக்கவர்கள் மேசையின் எதிர்ப்புறத்தில் அமர்ந்திருந்தனர். எவ்வளவு நீர் என்ற எண் அவர்கள் முன்னிலையில் பேசி முடிக்கப்பட்டது. அந்நிய ஆட்சியில் நடந்த இச்செயலுக்கு நிகராகச் சுதந்திர இந்தியாவில் ஒன்றைத் தேடினால் எளிதில் கிடைக்கவில்லை.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு, பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ அசுத்தம் செய்வோருக்கு மூன்று மாதச் சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ விதித்தது. ஓடும் ஆறு இச்சொற்களுள் அடங்காது என்று கூறிய தீர்ப்புகள் உண்டு. அந்த 500 ரூபாய், 2024 ஜூலையில் புதிய நியாயச் சட்டம் நடைமுறைக்கு வந்து 5000 ரூபாயாகும் வரை, அப்படியே இருந்தது. 1860இல் 500 ரூபாய் ஒருவரை அச்சுறுத்தியிருக்கும்!

1974இல் தண்ணீர் (மாசு தடுப்பு, கட்டுப்பாட்டு) சட்டம் நிறைவேறியது. தண்ணீர் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகையால், மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் இயற்றிக் கேட்டுக்கொண்ட பின்னரே நாடாளுமன்றம் இதனை இயற்ற முடிந்தது. அவ்வாறு முன்வந்த 12 மாநிலங்களின் முதற் பட்டியலில் பீகாரும் மேற்கு வங்காளமும் உண்டு. கங்கையின் நெடுவழிக்கு உரிய உத்தரப் பிரதேசம் இல்லை. அது பின்னரே ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டே அமைந்த மத்திய வாரியம் நாட்டின் ஆறுகளைப் பயன்பாட்டுக்கேற்ப ஐந்து வகுப்புகளாகப் பிரித்தது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்கது முதல் வகுப்பு. திறந்தவெளியில் நீராடத்தக்கது இரண்டாம் வகுப்பு. மற்றவை நமக்கு இங்கே வேண்டா.

1986இல் காசியில் தொடங்கிவைக்கப்பட்ட கங்கைச் செயல்திட்டத்தின் குறிக்கோள், ஆற்றை அந்த இரண்டாம் வகுப்புக்கு உயர்த்துவது என்று வகுக்கப்பட்டது. 25 நகரங்களில் நாளொன்றுக்கு 1340 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உண்டாகிறதென்று கணக்கிட்டு, முதற்கட்டத்தில் ஏறத்தாழ 880 மில்லியன் லிட்டரைச் சுத்திகரிக்கத் திட்டமிட்டனர். நிலையங்கள் எழுந்தன. மின்சாரம் நின்றபோதெல்லாம் பம்புகளும் நின்றன. பம்பு நின்றால் சாக்கடை தன் பழைய வழியே ஆற்றுக்குச் சென்றது. இதனினும் பெரிய குறை வேறொன்று. உயிர்வளியும் கரிமக் கழிவும் கணக்கில் கொள்ளப்பட்ட அளவுக்கு, மலத்தின்வழி வரும் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் கணக்கில் கொள்ளப்படவில்லை. அவற்றை நீக்கும் அமைப்பு அந்நிலையங்களில் இல்லை. நீராடுவோனை நோய்க்கு ஆளாக்குவது எதுவோ அது விட்டுப்போயிற்று.

இதனை விடாது எடுத்துரைத்தவர் காசி சங்கடமோசனர் கோயிலின் மகந்தரான வீரபத்ர மிஸ்ரா. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியராகவும் இருந்தவர். 1982இல் ஓர் அறக்கட்டளை நிறுவினார். பின்னர் துளசி கட்டத்தில் ஆய்வுக்கூடம் ஒன்றும் அமைந்தது. நாள்தோறும் அதே துறையில் மூழ்கினார். அதே துறையின் நீரை அளந்து எண்களை வெளியிட்டார். 2013இல் மறையும் வரை, பரிபாடலின் அந்தணரும் இக்காலப் பரிசோதகரும் அவர் ஒருவரிடத்தே குடியிருந்தனர் எனலாம்.

2000 செப்டம்பரில் மத்திய அரசு நீராடும் நீருக்கெனத் தனி அளவுகோலை அரசிதழில் அறிவித்தது. 100 மில்லிலிட்டர் நீரில் மலக் கோலிஃபார்ம் எண்ணிக்கை 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2500க்கு மேற்போகலாகாது. எண் நல்ல எண்தான். அதனைப் படிப்பவர் யார்? 2018 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதே கேள்வியைக் கேட்டது. சிகரெட்டுப் பெட்டியின்மேல் எச்சரிக்கை அச்சிடும்போது, கங்கையில் இறங்குவோருக்கு அதன் நிலையைச் சொல்லவேண்டாவா என்று வினவி, 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக அறிவிப்புப் பலகை நடுமாறு ஆணையிட்டது. நூறு கிலோமீட்டருக்கு ஒரு பலகை என்பது, தில்லியில் ஒன்று வைத்து மீரட்டைத் தாண்டி மற்றொன்று வைப்பது போலத்தான். ஆனாலும் படித்துறையை நோக்கி அரசு பேசவேண்டும் என்று அதிகாரமுள்ள ஒருவர் வாய்திறந்தது அதில் இருந்தது.

அதே நேரத்தில் ஹரித்துவாரில் ஒருவர் உண்ணாநோன்பு இருந்தார். மத்திய வாரியத்தின் முதல் உறுப்பினர் செயலராய்ப் பணியாற்றி, பின்னர்த் துறவு பூண்ட ஜி. டி. அகர்வால் அவர். கங்கையின் நீரோட்டத்துக்குத் தடையின்மை வேண்டும் என்பது, மாளவியா கேட்டதை ஒட்டிய கோரிக்கை. 2018 அக்டோபர் 9ஆம் நாள் கங்கையில் ஓடவேண்டிய குறைந்தபட்ச நீரளவை அரசு அறிவித்தது. அது போதாதென்று நோன்பைத் தொடர்ந்த அவர் 11ஆம் நாள் இறந்தார். பதிவேட்டைத் தொடங்கிவைத்தவரே படித்துறைக்கு வந்து உயிர்விட்டார்.

2025 கும்பமேளாவின்போது பிரயாகையில் நீர் பல வேளைகளில் அளவுகோலைக் கடந்ததென்று மத்திய வாரியம் பிப்ரவரியில் தீர்ப்பாயத்துக்குத் தெரிவித்தது. அடுத்த அறிக்கையில், எல்லா அளவுகளையும் வரிசையிட்டு நடுவில் நிற்கும் மதிப்பை எடுத்தால் 1400 வருகிறது, ஆகவே நீர் நீராடத்தக்கது என்று கூறப்பட்டது. கணக்கு தவறன்று. ஆனால் யாத்திரிகன் மூழ்குவது ஒருநாள், ஒரு துறையில், ஒரு வேளையில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து வந்த என் அத்தையை ஹரித்துவாருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குடா" என்று மகிழ்ந்து, மூன்று முறை மூழ்கி, மூன்று முறை உள்ளங்கையில் ஏந்தி உட்கொண்டார். நீராடும் வகுப்பு வேறு, குடிக்கும் வகுப்பு வேறு என்பது எனக்குத் தெரியும். அந்தப் படியில் இரண்டும் ஒரே செயல். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைத்தெருவில் இரண்டு செப்புச் சொம்புகள் வாங்கி நீர் முகந்து, வாயை ஈயத்தால் அடைக்கச் செய்தார். ஒன்று இராமேசுவரத்துக்கு, மற்றொன்று, தம் கடைசி நேரத்தில் வாயில் விடுவதற்கு. இரண்டையும் நான்தான் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.