கதவும் குடமும்

வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த மேடையில் பேசாமல் உட்கார்ந்திருந்து பெரிய வேலை செய்வது குடந்தான். வில்லை அதன்மேல் சாத்திக் கட்டியிருப்பார்கள். வீசுகோல் நாணில் விழும்போது மணிகள் சிணுங்கும். அடி நாதத்தைக் கொடுப்பது குடம். அதை எடுத்துவிட்டால் வெறும் மணிச் சத்தந்தான் மிஞ்சும். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால், காருக்குப் புது ஸ்பீக்கர் மாட்டும்போது மாத்திரம் பெரியவர்களுக்கும் மறந்துபோய்விடுகிறது.

காருக்கு வருமுன் ஒலிபெருக்கியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருளை வைத்து, மின்சாரம் பாயும்போது அதை அசையச் செய்து சப்தம் எழுப்பலாம் என்ற யுக்திக்கு ஆலிவர் லாட்ஜ் என்ற ஆங்கில விஞ்ஞானி 1898-லேயே உரிமை பெற்றிருந்தார். அதை ஊரே கேட்கும்படி செய்தவர்கள் கலிபோர்னியாவில் நாப்பா என்ற சிற்றூரில் இருந்த பீட்டர் ஜென்ஸனும் எட்வின் பிரிதாமும். 1915-இல் அவர்கள் சுருளுக்கு முன்னே ஒரு குழாயைப் பொருத்தினார்கள். 1919-இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியேகோ நகரில் பேசியபோது, பல்லாயிரம் ஜனங்களுக்கு அவர் குரலைக் கொண்டு சேர்த்தது அந்தக் குழாய்தான்.

நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்ததும் குழாய்தான். காந்திஜி, நேருஜி இவர்களுக்கு முன்னால் இருக்கும் மைக்குகளில் 'சிகாகோ ரேடியோ' என்ற எழுத்துக்களைப் பழைய படங்களில் பார்க்கலாம். பெயர்தான் சிகாகோ, கம்பெனி பம்பாயில் மோத்வானே குடும்பத்தாருடையது. கரிசல் கிராமங்களில் கலியாணமானாலும் சரி, அம்மன் கொடையானாலும் சரி, மைக் செட்டுக்காரர் வந்து வேப்ப மரத்தில் இரண்டு குழாயைக் கட்டிய பிறகுதான் விசேஷம் தொடங்கியதாக அர்த்தம். பருத்திக் காட்டில் களையெடுக்கிறவர்களுக்கும் பாட்டு எட்டும். நடுத்தரமான சப்தத்தை வெகுதூரம் விரட்டுவது குழாயின் சாமர்த்தியம். ஆழ்ந்த சப்தத்துக்கோ அந்தச் சின்னக் குழாய் போதாது. நாகசுரம் அடுத்த ஊருக்குக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி நாதம் மரத்தடியிலேயே நின்றுவிடும்.

அடி நாதத்துக்கு வழி செய்தவர்கள் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர். 1925-இல் அவர்கள் குழாயை நீக்கிவிட்டு, சுருளோடு ஒரு காகிதக் கூம்பைச் சேர்த்து, அதை ஒரு பலகையின் துவாரத்தில் பொருத்தினார்கள். பலகை அலங்காரத்துக்காக அல்ல. கூம்பு முன்னே காற்றைத் தள்ளுகிற அதே க்ஷணத்தில் பின்னே காற்றை இழுக்கிறது. இந்த இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். வரவும் செலவும் சரியாகிவிட்ட கணக்கில் கையிருப்பு ஏது? கீச்சென்ற சப்தங்கள் எப்படியோ தப்பித்துக்கொள்ளும்; அகப்பட்டுக்கொள்வது ஆழ்ந்த சப்தந்தான். இரண்டுக்கும் நடுவே போட்ட வேலிதான் அந்தப் பலகை.

1954-இல் எட்கார் வில்சூர் என்பவர் பெட்டியை முற்றிலும் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கினார். 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல், எந்த ஸ்பீக்கருக்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்பதைக் கணக்காகவே எழுதி வைத்தார். 1971-இல் அது அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் மறுபடி அச்சான பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனிக் காருக்கு வருவோம். 1930-இல் அமெரிக்காவில் கால்வின் கம்பெனி 'மோட்டோரோலா' என்ற கார் ரேடியோவை விற்கத் தொடங்கியது. அதன் ஸ்பீக்கர் தனி உறுப்பாக டாஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. 1963-இல் பிலிப்ஸ் கம்பெனியின் காஸெட் வந்தது. பின்னால் அது காருக்குள்ளும் குடியேறிற்று. அம்பாஸிடர், பியட் கார்களில் பின் கண்ணாடிக்குக் கீழேயுள்ள பலகையில் இரண்டு நீள்வட்ட ஸ்பீக்கர்களைப் பதிப்பது வழக்கமாயிற்று. பாட்டு கனமாக ஒலித்தது. சொந்தக்காரர் அந்தப் பெருமையை ஸ்பீக்கருக்குக் கொடுத்தார். அதில் பாதியாவது டிக்கிக்குச் சேர வேண்டியது. ஸ்பீக்கருக்குக் கீழே மூடிக் கிடந்த டிக்கி, வில்லுக்குக் கீழே இருந்த குடம்.

அப்புறம் சின்னக் கார்கள் பெருகின. ஸ்பீக்கர்கள் முன் கதவுகளுக்கு இடம் மாறின. கதவு என்பது இரண்டு தகடும், நடுவில் ஏறி இறங்கும் கண்ணாடியும். உள் தகட்டில் மெக்கானிக்கின் கை நுழைவதற்காகப் பெரிய பெரிய ஓட்டைகள். அவற்றுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் காகிதம். இந்தக் குடம் ஆரம்பத்திலேயே உடைந்த குடம்.

எங்கள் ஊரில் டாக்ஸி ஓட்டுகிற தம்பி ஒருவர், "அண்ணாச்சி, எண்ணாயிரம் ரூவா கொடுத்து மாட்டினேன், பழசே தேவலைபோல இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டார். மழையை நம்பிப் பிழைக்கிற சீமையில் எண்ணாயிரம் சும்மா வந்துவிடாது. எட்டயபுரம் ரோட்டில் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன் ஒருவர் கதவைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர்ல ஒண்ணுமில்ல. ஓட்டை கதவுல" என்றார்.

அவர் செய்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் ஒன்றரை வோல்ட் பாட்டரி ஒன்றை எடுத்து, கூட்டல் முனையை ஸ்பீக்கரின் கூட்டல் முனையில் தொட்டார். கூம்பு வெளியே வந்தது. கடைக்காரர் ஒரு கதவில் கம்பியை மாற்றிக் கொடுத்திருந்தார். இடது கதவு தள்ளும்போது வலது கதவு இழுத்தால் ஆழ்ந்த சப்தம் நடுவழியில் செத்துப்போகும். பிறகு அந்தப் பெரிய ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்தார். வெளித் தகட்டின் உட்புறத்தில் கீல் ஷீட்டை அழுத்தி ஒட்டினார். விரலால் தட்டினால் தகர டப்பாபோலக் கணகணத்த கதவு, பலகைபோல 'தொப்'பென்றது. ஸ்பீக்கருக்கு அடியில் பிளைவுட் வளையம் கொடுத்து, விளிம்பில் ரப்பர் நுரைப் பட்டை சுற்றினார். கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தில் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். கதவின் அடியிலிருந்த சிறு துவாரங்களை மட்டும் தொடவில்லை. மழைத் தண்ணீர் வடிய வேண்டுமல்லவா? சாமான்களுக்கு ஆன செலவு ஸ்பீக்கர் விலையில் கால் பங்குகூட இல்லை.

பெட்டியின்மேல் அச்சடித்த வாட்ஸ் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எண் ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும். எப்படிப் பாடும் என்பதைச் சொல்லாது. அதே மின்சாரத்தில் மூன்று டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயரின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் காலமானார். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழையும் அவருடைய நாகசுரம் எங்கள் பக்கத்துக் கார்களில் இன்னும் ஒலிக்கிறது. நாகசுரம் எந்தக் கதவிலும் கேட்கும். அது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். ஓட்டைக் கதவில் காணாமற் போவது பக்க வாத்தியக்காரரின் உழைப்பு. அவருக்காகவாவது, புது ஸ்பீக்கருக்குப் பணம் எடுக்குமுன் கதவை ஒரு தரம் விரலால் தட்டிப் பார்ப்பது நல்லது.