வானிலிருந்து வந்த பிறப்புப் பத்திரம்

பூமி பிறந்த காலத்துப் பாறை ஒன்றுகூட இன்று பூமியில் கிடைப்பதில்லை. எல்லாம் உருகியும் தேய்ந்தும் உருமாறிவிட்டன. அப்படியானால் நம் பூமியின் பிறப்பை யாரிடம் கேட்பது?

1969 பிப்ரவரி 8ஆம் தேதி மெக்சிகோவில் அலெண்டே என்ற சிற்றூர் அருகே விண்கற்கள் பொழிந்தன. 2 டன்னுக்கு மேல் சேகரித்தார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள்! இளஞ்சூரியனைச் சுற்றியிருந்த சூடான வாயு குளிர்ந்தபோது முதன்முதலில் திரண்ட திடப்பொருள் அவை. வயது சுமார் 456 கோடி ஆண்டுகள்.

1976இல் அவற்றில் அலுமினியம்-26 சிதைந்த தடயத்தை அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டார்கள். அந்தக் கதிரியக்கப் பொருள் சுமார் 7 இலட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். அது மறைவதற்குள் புள்ளிகள் உருவாகியிருக்க வேண்டும் அல்லவா? சூரிய மண்டலம் எவ்வளவு விரைவாகத் திரளத் தொடங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. பூமி தொலைத்த வரலாற்றை ஒரு கல் காப்பாற்றி வைத்திருந்தது.