வாக்காப்: ஊருக்கென எழுந்த மர நிழல்



கிளந்தானில் வாக்காப் பாரு, வாக்காப் சே யே. திரெங்கானுவில் வாக்காப் தாப்பாய். இவ்வூர்ப் பெயர்களின் முன் நிற்கும் ‘வாக்காப்’ என்பது என்ன என்று நம் மாணவர்களைக் கேட்டால் பலரும் விழிப்பர்.

அறக்கொடை எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி இளைப்பாற, தனியொருவரோ ஊராரோ பொதுவுக்கென எழுப்பிய மரக் கொட்டகையைக் கிழக்குக் கரை மக்கள் அப்பெயரால் அழைத்தனர்.

அதன் அமைப்பு எளியது. ஆனால் ஒவ்வோர் உறுப்புக்கும் காரணம் உண்டு. சுவரின்மையால் காற்று தடையின்றி வீசும். நனைந்த மரமும் விரைவில் உலரும். வெளியே நீண்டு இறங்கும் கூரை, சாரலைத் தூண்களிலிருந்து விலக்கும். உயர்ந்த பலகைத் தளம் மண்ணின் ஈரத்தைத் தவிர்க்கும். துளையும் கழுந்துமாகப் பொருத்தி, மர முளையால் இறுக்குவது பழந்தச்சர் முறை. அவ்வாறு பொருத்தியதைச் சேதமின்றிக் கழற்றவும் இயலும். 19ஆம் நூற்றாண்டில் திரெங்கானுவில் கட்டப்பட்ட ‘இஸ்தானா சத்து’ என்னும் மர அரண்மனை கழற்றப்பட்டு, கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியக வளாகத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது இதற்குச் சான்று.

இத்தகைய கட்டுமானங்களுக்குப் பெயர்பெற்றது செங்கால் மரம். கரையானையும் ஈரத்தையும் தாங்கும் அதன் வயிரத்தைப் படகு கட்டுவோரும் விரும்பினர். எனினும் அது மிக மெதுவாக வளர்வது. ஒரு தலைமுறை வெட்டிய மரத்திற்கு ஈடாக வளர்ந்ததை அடுத்த தலைமுறை காண்பதரிது. எனவே, மரத்தால் கட்டினாலே இயற்கைக்கு நன்மை என்று கருதிவிட முடியாது. மலேசிய மரச் சான்றளிப்பு மன்றம் 1998இல் தோன்றியதும், அதன் சான்றளிப்புத் திட்டம் 2001இல் செயல்படத் தொடங்கியதும், 2009இல் அனைத்துலக ஏற்பு பெற்றதும், ‘இம்மரம் எக்காட்டிலிருந்து வந்தது?’ என்னும் கேள்விக்கு விடை தேடும் முயற்சிகளே.

இன்று பூங்காக்களிலும் பள்ளி வளாகங்களிலும் வாக்காப் என்னும் பெயரில் கொட்டகைகள் எழுகின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டும் நிதியிலும் சில எழுகின்றன. உருவத்தை மட்டும் பின்பற்றி, தூணின் அடியை மண்ணில் புதைத்துவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த மரமும் உளுத்துப் போகும். ஆகவே, கட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். மரத்திற்குச் சான்று உண்டா? தூணின் அடி ஈரத்திலிருந்து விலகி நிற்கிறதா? பழுதான பலகையை மட்டும் கழற்றி மாற்ற இயலுமா?

மூன்றாவது கேள்வியே தலையாயது என்பது என் கருத்து. ஒரு பலகை உளுத்ததற்காகக் கொட்டகை முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டினால், காட்டில் இன்னும் சில மரங்கள் சாயும். அறக்கொடை திறப்பு விழாவோடு முடிவதன்று; ஆண்டுதோறும் அதைப் பேணும் கைகளிலும் அது தொடர்கிறது. இதை நம் மாணவச் செல்வங்களுக்கு ஏட்டில் மட்டும் கற்பிக்காமல், பள்ளி வாக்காப்பின் நிழலில் அமர்த்தி, அதன் தூணையும் பொருத்தையும் காட்டிக் கற்பிப்போமே!