முன்வரிசையில் ஓர் இடம்

அல்லாஹ்வின் அருளால் இவ்வாண்டறிக்கையில் நமது மகல்லாவின் கல்வி உதவிக் கணக்கும் இடம்பெறுகிறது. கட்டணம், நோட்டுப் புத்தகம், சீருடை ஆகியவற்றுக்கான செலவை அதில் காணலாம். ஆனால் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிலைத்திருக்கத் தேவையான மற்றொன்று எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. 'இந்த வகுப்பு எனக்கும் உரியது' என்று அப்பிள்ளையின் உள்ளத்தில் ஏற்படும் உறுதியே அது. அதனைக் குறித்த சில வரலாற்றுச் செய்திகளை ஜமாஅத்தார்களின் கவனத்திற்குக் கொண்டுவர விழைகிறோம்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் நடந்த பத்ருப் போரில் பிடிபட்ட மக்காவாசிகளுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தனர். ஈட்டுத்தொகை செலுத்த இயலாத அவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை பெறலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நேற்றுவரை வாளேந்தி நின்ற மாற்றுக் கொள்கையினரிடம் தம் பிள்ளைகளை அமர வைக்க அன்றைய பெற்றோர் தயங்கவில்லை. அந்நிய ஆசிரியரிடம் பயிலும் நம் பிள்ளைகளைப் பற்றி அச்சம் கொள்வோர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். நமது திருவண்ணாமலையைப் போலவே கோயிலால் பெயர்பெற்ற ஊர் இராமேசுவரம். 1931 அக்டோபர் 15 அன்று அங்கே பிறந்த மர்ஹூம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களை மேடைகளில் எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் ஏவுகணையையும் குடியரசுத் தலைவர் மாளிகையையுமே பேசுகின்றனர். நமக்கோ, அவர் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் நினைவுகூரும் ஐந்தாம் வகுப்பு நிகழ்ச்சியே மிகப் பெரியதாகத் தோன்றுகிறது.

இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் தொப்பி அணிந்த சிறுவராகிய கலாம், பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரி என்னும் தோழரின் அருகில் எப்போதும் முன்வரிசையில் அமர்வார். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்கு அக்காட்சி பொறுக்கவில்லை. குருக்களின் மகனுக்குப் பக்கத்தில் முஸ்லிம் பையன் அமர்வதா என்று எண்ணி, கலாமைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார். கலாம் வருந்தினார், முன்வரிசையிலேயே இருந்த இராமநாதனோ கண்ணீர் விட்டார். தோழனின் அந்த அழுகையே தம் மனத்தில் நீங்காமல் பதிந்துவிட்டதாகக் கலாம் எழுதுகிறார்.

மாலையில் இருவரும் தத்தம் வீட்டில் செய்தியைச் சொன்னார்கள். இராமநாதனின் தந்தை பட்சி இலட்சுமண சாஸ்திரி, இராமேசுவரம் கோயிலின் தலைமைக் குருக்கள். அவர் அந்த ஆசிரியரை வரவழைத்து, இரு சிறுவர்களும் பார்த்திருக்க, குழந்தைகளின் நெஞ்சில் வேற்றுமையைப் புகுத்தலாகாது என்று கண்டித்தார். வருத்தம் தெரிவிக்க வேண்டும், இல்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டு வெளியேற வேண்டும் என்று உறுதியாகக் கூறிவிட்டார். ஆசிரியர் வருந்தினார், நாளடைவில் மனமும் மாறினார்.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். நியாயம் கேட்டவர் பாதிக்கப்பட்ட பிள்ளையின் தந்தை அல்லர். முன்வரிசையில் இடம் பறிபோகாத பிள்ளையின் தந்தை. இது அன்றொரு நாள் மாலையில் திடீரென விளைந்த துணிவு அன்று. கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் அவர்களும் சாஸ்திரியாரும் நெடுநாள் நண்பர்கள். இறைவனைப் பற்றியும் மறுமையைப் பற்றியும் அமர்ந்து உரையாடியவர்கள். ஆண்டுதோறும் நடைபெறும் சீதா கல்யாண விழாவில் இராமர் தீர்த்தத்தைக் கடப்பதற்குப் படகு ஏற்பாடு செய்து கொடுத்தது கலாமின் குடும்பமே. (அதிகாலையில் எழுந்து தொழுவதை வழக்கமாகக் கொண்டிருந்த ஜைனுலாப்தீன் அவர்களின் மார்க்கப்பற்றுக்கு, அண்டை வீட்டாருக்குச் செய்த அவ்வுதவி எக்குறையும் வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) பெரியவர்கள் திண்ணையிலும் தெருவிலும் சேர்த்துவைத்த நட்பு, பிள்ளைக்கு வகுப்பறையில் கைகொடுத்தது.

அதே பள்ளியின் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கலாமைத் தம் இல்லத்துக்கு உணவருந்த அழைத்தார். அவருடைய துணைவியார் ஆசாரம் மிகுந்தவர். தம் சமையலறையில் முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் சினங்கொள்ளவில்லை. தம் கையாலேயே பரிமாறி, அருகமர்ந்து தாமும் உண்டார். அம்மையார் கதவுக்குப் பின்னிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் ஐயர் அழைத்தார். இம்முறை அந்த அம்மையாரே கலாமை உள்ளே அழைத்துச் சென்று தம் கையால் பரிமாறினார்.

ஒருவர் வீட்டில் ஒரே வாரத்தில் தீர்ந்த இச்சிக்கல், அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய நிறுவனத்தையே உலுக்கியிருந்தது. நெல்லைச் சீமையின் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922இல் ஒரு குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்விக்கென்று காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக ஐயாயிரம் கொடுத்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவளிக்கப்படும் செய்தி வெளிவந்ததும், டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ரா.வும் கடுமையாக எதிர்த்தனர். வ.வே.சு. ஐயர் தன்னலமற்ற தேசத்தொண்டர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் இரண்டு இலைகளைத் தனியே போட்டதற்கு அந்நற்பெயர் ஈடாகவில்லை. 1925இல் அவர் பாபநாசம் அருவியில் மூழ்கி மறைந்தார், குருகுலமும் நிலைக்கவில்லை.

ஒரே பந்தியில் உண்ணும் வழக்கத்தை நம் பள்ளிகளில் பரப்பியது அரசின் மதிய உணவே. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதனைத் தொடங்கியது. (அப்பகுதிக்குப் பெயர் தந்தது அங்குள்ள பள்ளிவாசல் என்பதை நம்மில் பலர் அறிவர்.) 1956இல் காமராஜர் அதனை மாநிலமெங்கும் விரித்தார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாகப் பெருக்கினார்.

இவற்றையெல்லாம் எழுதும் நாம் நம் பக்கத்துத் தவறொன்றையும் மறைக்கலாகாது. நம் ஊரில் உருது பேசும் வீடுகளும் தமிழ் பேசும் வீடுகளும் கலந்திருக்கின்றன. உருது பேசும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தமிழ் புரியாமல் விழிக்கும்போது நம் மனம் கொதிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் நடத்திய மாலை மக்தபில், வெளியூரிலிருந்து குடிவந்த ஒரு வீட்டுச் சிறுவன் சேர்ந்தான். அவனுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். நாமோ வழக்கம்போல் உருதுவிலேயே விளக்கம் சொன்னோம். பதில் சொல்லத் தடுமாறிய அவனைக் கடைசி வரிசையில் அமர்த்தினோம். மற்றவர்களின் பாடம் தடைபடக்கூடாது என்பதே அன்று நாம் கண்ட நியாயம். இரண்டு மாதங்களில் அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்கும் ஆவலோடு வந்தபோது, குறைஷித் தலைவர்களுடன் உரையாடிக்கொண்டிருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் முகம் திருப்பிக்கொண்டதற்காக 'அபஸ' அத்தியாயம் இறங்கியதை எத்தனையோ ஜும்ஆக்களில் நாம் விளக்கியிருக்கிறோம். பின்னாளில் அந்த நபித்தோழர் மதீனாவில் பாங்கு சொன்னார்; பெருமானார் வெளியூர் சென்ற நாட்களில் அங்கே பொறுப்பாளராகவும் நியமிக்கப்பட்டார். அவ்வளவையும் அறிந்திருந்தும், நம் மக்தபின் கடைசி வரிசையை நாம் திரும்பிப் பார்க்கவில்லை.

மக்தபில் இப்போது விளக்கங்களை இரு மொழியிலும் சொல்கிறோம். வாரந்தோறும் வரிசை மாற்றி அமர்த்துகிறோம். அந்தச் சிறுவனின் வீட்டுக்கும் சென்றோம். தந்தையார் தேநீர் கொடுத்து உபசரித்தார். பையன் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. ரமளானுக்கு முன் மீண்டும் ஒருமுறை செல்வதாக இருக்கிறோம்.