நாட்டு நலப்பணித் திட்டம்: கட்டாயமா, விருப்பமா?

கல்லூரிப் படிப்பை முடித்தவர்களிடம் "என்.எஸ்.எஸ். கேம்ப்" என்று சொன்னால் போதும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்தது, காலையில் மண்வெட்டியோடு கிளம்பியது, மாலையில் ஊர் மக்கள் முன்னால் நாடகம் போட்டது எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அந்த முகாமுக்குப் பின்னால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த ஒரு விவாதம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மாணவர்களைச் சேவை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா, அல்லது அவர்களாகவே முன்வர வேண்டுமா என்பதுதான் அந்த விவாதம்.

விதை போட்டவர்

இந்த எண்ணத்துக்கு விதை போட்டவர் காந்தியடிகள். படிக்கும் காலத்தைத் தங்கள் அறிவை மட்டும் வளர்த்துக்கொள்ளும் காலமாக மாணவர்கள் நினைக்கக் கூடாது. தங்களைப் படிக்க வைக்கும் சமுதாயத்துக்குத் தொண்டு செய்யத் தயாராகும் காலம் அது என்பது அவர் கருத்து. கிராமத்து வறுமையைப் பற்றி ஆராய்ச்சி செய்வதோடு நின்றுவிடாமல், கிராமத்து மக்களின் வாழ்க்கை சற்றாவது உயரும்படி ஏதாவது செய்யுங்கள் என்றார்.

1937-ல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை அவர் முன்வைத்தார். அதற்குப் பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவின் அமைப்பாளரான ஆரியநாயகம் யாழ்ப்பாணத் தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது. கே.ஜி. சையதைன் என்ற கல்வியாளரும் அதில் ஓர் உறுப்பினர். இவரது பெயர் பின்னால் மீண்டும் வரும்.

இருபது ஆண்டு விவாதம்

விடுதலைக்குப் பின் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் விருப்பத்தின் பேரில் தேசியத் தொண்டு செய்யலாம் என்று பரிந்துரைத்தது. கல்லூரிக்கும் ஊருக்கும் இடையே ஓர் உறவு ஏற்பட வேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஆனால் பிரதமர் நேரு இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினார். பட்டம் பெறுவதற்குச் சமூக சேவையை ஒரு நிபந்தனையாக்கலாமா என்று 1958-ல் மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்கள் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகத் தேசிய சேவை செய்ய வேண்டும் என்று அக்குழு கூறியது. இத்தனை மாணவர்களுக்கு இடம், உணவு, வேலை, மேற்பார்வை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவையும் நடைமுறைச் சிக்கலையும் பார்த்த அரசு அதை ஏற்கவில்லை.

பிறகு 1960-ல் பல நாடுகளின் தேசிய சேவை முறைகளை ஆராய்ந்து அறிக்கை தரும் பணி சையதைனிடம் ஒப்படைக்கப்பட்டது. வார்தாக் குழுவில் இருந்த அதே சையதைன்தான். விருப்பமுள்ளவர்களைக் கொண்டே தொடங்க வேண்டும் என்பது அவர் முடிவு.

இதற்கிடையே 1962-ல் சீனப் போர் வந்தது. அடுத்த ஆண்டு கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது. கட்டாயம் என்றால் என்ன என்பதை மாணவர்கள் நேரில் பார்த்தார்கள். ஆனால் அதுவும் நிலைக்கவில்லை, 1968-ல் என்.சி.சி. மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. என்.சி.சி.யில் சேராதவர்களுக்கு மாற்றாக ஒரு நாட்டு நலப்பணித் திட்டம் வேண்டும் என்று 1967 ஏப்ரலில் கூடிய கல்வி அமைச்சர்கள் மாநாடு ஏற்கெனவே கூறியிருந்தது.

1969 செப்டம்பர் 24

கடைசியில் காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் சுமார் 40,000 மாணவர்கள். பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்து, தொண்டர்களின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. 'எனக்கல்ல, உனக்கே' என்ற பொருள்படும் வாசகமும், கொனாரக் சூரியக் கோயிலின் தேர்ச் சக்கரமும் இதன் அடையாளங்கள். சக்கரத்தின் எட்டு ஆரங்களும் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. எந்த நேரமும் தொண்டுக்குத் தயார் என்பது அதன் பொருள்.

1973-ல் வறட்சி வாட்டியபோது 'பஞ்சத்தை எதிர்க்கும் இளைஞர்' என்ற கருப்பொருளில் சிறப்பு முகாம்கள் நடந்தன. அதன் பின் அசுத்தத்தையும் நோயையும் எதிர்ப்பது, மரம் நடுவது என்று கருப்பொருள்கள் மாறி வந்தன.

கேள்வி தீர்ந்ததா?

இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாம், முடிவில் சான்றிதழ் என்பது இதன் நடைமுறை. இங்கேதான் பழைய கேள்வி வேறு வேஷத்தில் திரும்பி வருகிறது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் சான்றிதழுக்காகவே பெயர் கொடுப்பவருக்கு அது விருப்பப் பணியா? சாலையோரச் செடிகளை வெட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் கிராமத்துக்கு என்ன மிஞ்சும்?

முகாமுக்கு முன்பே மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, ஊருக்குத் தேவை ஏரியைத் தூர்வாருவதா, கண் சிகிச்சை முகாமா, மாலை வகுப்பா என்று ஊர்க்காரர்களிடமே கேட்டு முடிவு செய்யும் இடங்களும் உண்டு. அங்கே மாணவர்கள் திட்டமிடவும், பெரியவர்களிடம் பேசவும், தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளவும் பழகுகிறார்கள். சேவைவழிக் கற்றல் என்று இன்று உலகெங்கும் சொல்லப்படுவது இதைத்தான்.

கட்டாயம் வேண்டாம் என்று முடிவெடுக்க நாட்டுக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்த முடிவுக்கு அர்த்தம் இருக்கிறதா என்பதை ஒவ்வோர் ஆண்டும் முகாமுக்குப் புறப்படும் மாணவர்கள்தான் காட்ட வேண்டும். முகாம் முடிந்த பிறகும் அந்த ஊருக்கு ஒருமுறை போய், நட்ட செடிக்குத் தண்ணீர் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வருபவர் எந்தச் சான்றிதழுக்காகவும் போகவில்லை அல்லவா?